வேலூர்ப் புறநகர்த் தெருப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? நீங்களே தேடிக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூரில் தெருப் பெயர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் அது கோட்டையைச் சுற்றியே நின்றுவிடும். லாங் பஜார், சுண்ணாம்புக்காரத் தெரு, ஆபீசர்ஸ் லைன் என்று அங்கே பெயரே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் தொரப்பாடியிலும் குடியிருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. வீட்டு முகவரியில் "கிழக்குக் குறுக்குத் தெரு" என்றோ "பேஸ் 2" என்றோ இருக்கும். இதில் என்ன வரலாறு இருந்துவிடப் போகிறது என்று விட்டுவிடுகிறோம்.

இருக்கிறது. மனை போடுவதற்கு முன் அந்த நிலத்துக்கு ஒரு பெயர் இருந்தது. அதில் பாய்ந்த வாய்க்காலுக்கும், ஒட்டியிருந்த குட்டைக்கும், களத்துமேட்டுக்கும் பெயர் இருந்தது. அந்தப் பெயர்களைச் சொல்லிப் புழங்கிய தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயது. ஆகவே இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

தொடங்கும் முன் ஒன்று. "இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் ஒரு கட்டுக்கதையில்தான் போய் முட்டுவோம். "யார் வைத்தது, எப்போது வைத்தது, எந்தக் காகிதத்தில் முதல் தடவை வருகிறது?" என்று ஆரம்பியுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் அர்த்தம் தானாக வந்து சேரும்.

முதல் படி: முகவரியைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு புறநகர் முகவரியில் சாதாரணமாக மூன்று அடுக்கு இருக்கும். அடியில் வருவாய்க் கிராமத்தின் பெயர். அதற்கு மேல் மனைப்பிரிவின் பெயர், அதாவது ஏதோ ஒரு நகர். எல்லாவற்றுக்கும் மேலே தெருவின் பெயர். மூன்றையும் வைத்தவர்கள் வேறு வேறு ஆட்கள், காலமும் வேறு. கிராமப் பெயர் பல நூறு வருடம் பழையதாக இருக்கலாம். நகரின் பெயர் மனை போட்டவரோ, கூட்டுறவு சங்கமோ, வீட்டு வசதி வாரியமோ வைத்தது. தெருவின் பெயர் குடியிருப்போர் கேட்டு, உள்ளாட்சி மன்றம் ஒப்புக்கொண்டதாக இருக்கும். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் தேடல் எங்கும் போகாது. ஒரு நோட்டில் மூன்று வரியாக எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள்.

உங்கள் பகுதி எப்போது எந்த உள்ளாட்சியில் இருந்தது என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். வேலூர் நகராட்சி 1866ல் தொடங்கியது. 2008 ஆகஸ்ட் 1 அன்று மாநகராட்சி ஆனது. சத்துவாச்சாரி, தாராபடவேடு போன்ற சுற்றுப்புற உள்ளாட்சிகள் 2011ல்தான் அதனுடன் சேர்ந்தன. இன்று 60 வார்டு, 4 மண்டலம். ஆக, 1980களில் சத்துவாச்சாரியில் ஒரு தெருவுக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தத் தீர்மானத்தை வேலூர் நகராட்சியின் பழைய புத்தகத்தில் தேடிப் பயனில்லை. அந்த ஊரின் சொந்த மன்றத்துப் புத்தகத்தில்தான் தேட வேண்டும். இணைப்பின்போது அந்தப் புத்தகங்கள் எந்த மண்டல அலுவலகத்துக்குப் போயின என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஊர்ப் பெயரின் ஈற்றைக் கவனியுங்கள்

காட்பாடி, தொரப்பாடி, வேலப்பாடி. சேண்பாக்கம், அரப்பாக்கம். காங்கேயநல்லூர். விருதம்பட்டு. பாடி, பாக்கம், நல்லூர், பட்டு என்று முடிபவை பெரும்பாலும் உழவும் கால்நடையும் சார்ந்து எழுந்த ஊர்கள். கோட்டை வருவதற்கு முன்பே இருந்திருக்கக் கூடியவை. பேட்டை, பாளையம் என்று முடிபவை வேறு வகை. பேட்டை என்பது வியாபாரத்துக்கோ ஒரு தொழிலுக்கோ ஏற்பட்ட குடியிருப்பு. பாளையம் படை தங்கிய இடம். கொசப்பேட்டை, சலவன்பேட்டை, தோட்டப்பாளையம் எல்லாம் கோட்டையைச் சுற்றி இருப்பதில் ஆச்சரியம் இல்லை. இந்தப் பக்கம் குயவரைக் கொசவர் என்பார்கள். கொசப்பேட்டைக்கு அதுவே போதுமான தடயம்.

கஸ்பா என்ற சொல் நவாப் ஆட்சியில் புழங்கிய வருவாய்த் துறைச் சொல். ஒரு வட்டாரத்தின் தலைமையான ஊர்ப்பகுதியைக் குறிக்கும். வேலூரிலும் கஸ்பா உண்டு, ஆம்பூரிலும் உண்டு. விருபாட்சிபுரம் இன்னொரு திசையைக் காட்டுகிறது. விருபாட்சர் ஹம்பியின் சாமி, விஜயநகர அரசர்கள் போற்றிய தெய்வம். அந்த அரசின் கீழ் இருந்த வேலூருக்கு அருகே அதே பெயரில் ஓர் ஊர் நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தமிழ், தெலுங்கு, உருது, கன்னடம் நான்கும் புழங்கிய வட்டாரம் இது. எல்லாப் பெயரையும் தமிழ் வேர்ச்சொல்லுக்குள் இழுத்து வைக்க முயல வேண்டாம். மக்கான் என்ற இடத்தின் பெயர் அங்குள்ள ஹஸ்ரத் மக்கான் என்ற சூஃபி தலத்திலிருந்து வருகிறது. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியின் நினைவுத் தூணும் மக்கான் சந்திப்பில்தான் இருக்கிறது. இந்தப் பகுதிகளில் தேடும்போது உருது படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். பழைய கல்லறைகளிலும் பள்ளிவாசல்களிலும் உருதில் எழுதியிருப்பது உங்கள் தேடலுக்கு உதவும்.

ஓர் எச்சரிக்கை. வேலூரிலும் ஒரு சைதாப்பேட்டை இருக்கிறது என்பதற்காகச் சென்னை சைதாப்பேட்டைக்குச் சொல்லும் கதையைக் கொண்டுவந்து இங்கே ஒட்டாதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஊர் வேறு, வைத்தவர் வேறு.

மூன்றாம் படி: தெருவில் நடந்து பாருங்கள்

காலை வேளையில், போக்குவரத்து குறைவாக இருக்கும்போது போங்கள். பெயர்ப் பலகையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பிள்ளையார் கோயில் வாசலில் பதித்த கல், குடிநீர்த் தொட்டியின் திறப்புக் கல்வெட்டு, ரேஷன் கடையின் பலகை, பழைய வீட்டு நிலையில் பொறித்த வருடம், பாலத்தின் கைப்பிடிச் சுவர் என்று எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திறப்புக் கற்களில் தேதி இருக்கும். அந்தத் தேதியில் தெருவுக்கு எந்தப் பெயர் என்பதும் பல சமயம் இருக்கும்.

மக்கள் வாயில் வழங்கும் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். காட்பாடி பஸ்ஸில் ஏறினால் "சில்க் மில்", "ஓடை பிள்ளையார் கோயில்", "சித்தூர் பஸ் ஸ்டாண்டு" என்றுதான் இறங்கும் இடம் கேட்கிறார்கள். ஓடை பிள்ளையார் கோயில் என்ற ஒரு நிறுத்தப் பெயரே அங்கே ஓடை போனதைச் சொல்லிவிடுகிறது. ஆபீசர்ஸ் லைனுக்கு அண்ணா சாலை என்று பெயர் வந்த பிறகும் பழைய பெயர் புழக்கத்தில் இருக்கிறது. வாய்வழிப் பெயர்தான் பல இடங்களில் மூத்த பெயர்.

நான்காம் படி: காகிதங்கள்

உண்மையான வேலை இங்கேதான். பொறுமை வேண்டும்.

உங்கள் வீட்டுப் பத்திரத்திலிருந்தே தொடங்கலாம். கிரயப் பத்திரத்தின் கடைசியில் சொத்து விவரம் வரும். அதில் நான்கெல்லை, அதாவது செக்குபந்தி, எழுதியிருப்பார்கள். "ஏரி வாய்க்காலுக்கு வடக்கு, 30 அடி ரோட்டுக்குத் தெற்கு" என்கிற மாதிரி. மனை முதல் தடவை விற்றபோது எழுதிய பத்திரத்தில் தெருவுக்குப் பெயரே இருக்காது, வெறும் "30 அடி ரோடு"தான். அடுத்த விற்பனையில் பெயர் வந்திருக்கும். ஒரே தெருவில் நாலைந்து வீடுகளின் பத்திரங்களைத் தேதி வரிசையில் வைத்துப் பாருங்கள். பெயர் இல்லாத கடைசிப் பத்திரத்துக்கும் பெயர் உள்ள முதல் பத்திரத்துக்கும் இடையில்தான் பெயர் பிறந்திருக்கிறது. நான் அறிந்தவரை புறநகர்த் தெருப் பெயரின் வயதைக் கண்டுபிடிக்க இதைவிட நம்பகமான வழி இல்லை. அக்கம்பக்கத்தார் பத்திரத்தைக் காட்டத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். எல்லைப் பகுதி உள்ள ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்லுங்கள். வில்லங்கச் சான்றிலும் எல்லை விவரம் வரும். 1975க்குப் பிந்தைய பதிவுகளைப் பெரும்பாலும் பதிவுத்துறை இணையதளத்திலேயே தேடலாம். அதற்கு முந்தையது இணையத்தில் கிடைக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட வேண்டும்.

பத்திரத்தின் தலைப்பையும் பாருங்கள். வட ஆற்காடு மாவட்டத்துக்குச் சித்தூர்தான் தலைநகராக இருந்தது. 1911ல் சித்தூர் தனி மாவட்டம் ஆன பிறகே வேலூருக்குத் தலைமையிடம் வந்தது. 1989 செப்டம்பர் 30ல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்து, இந்தப் பக்கம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது. 1990களின் பிற்பகுதியில் வேலூர் மாவட்டம் என்று மாறியது. 2019ல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனியே போயின. தேதி கிழிந்துபோன பட்டா நகல் ஒன்றில் "வட ஆற்காடு அம்பேத்கர்" என்று முத்திரை இருந்தால், அது எந்தச் சில வருடங்களுக்குள் வந்தது என்று உடனே சொல்லிவிடலாம்.

அடுத்தது சர்வே எண். பத்திரத்தில் இருக்கும் எண்ணை வைத்து அந்தக் கிராமத்தின் அ-பதிவேட்டைப் பாருங்கள். நிலம் நஞ்சையா, புஞ்சையா, நத்தமா, புறம்போக்கா என்று அது சொல்லும். இதன் பயன் பெரிது. நத்தம் என்றிருந்தால் உங்கள் தெரு பழைய ஊர் குடியிருந்த இடம். பெயரும் பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். நஞ்சை என்றிருந்தால் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த கழனி அது. மனை விழுந்த பிறகுதான் தெருவும் பெயரும் வந்தன. பக்கத்து எண்களில் வாய்க்கால், ஓடை, குட்டை என்று குறித்திருந்தால் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். நில அளவைத் துறையில் கிராம வரைபடத்தின் நகலை வாங்கி, இன்றைய செயற்கைக்கோள் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில வளைந்த தெருக்கள் ஏன் வளைந்திருக்கின்றன என்பது புரியும். அவை வாய்க்காலின் கரையையோ ஏரியின் கரையையோ பிடித்துக்கொண்டு போகின்றன.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது வேலூரைச் சுற்றி ஏரிகளும் நிரம்பின. தாழ்வான நகர்களில் தண்ணீர் நின்றது. தண்ணீர் தன் பழைய வழியைத் தேடித்தான் வருகிறது. ஒரு தெருவுக்கு ஏரிக்கரை என்றோ ஓடை என்றோ இருந்த பெயரை எடுத்துவிட்டு அழகான பெயர் ஒன்றை வைத்தால், அங்கே புதிதாக மனை வாங்க வருபவருக்குக் கிடைத்திருக்கக் கூடிய ஓர் எச்சரிக்கையும் போய்விடுகிறது.

மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இருந்தால் அதற்கென ஒரு எண்ணும் வரைபடமும் இருக்கும். நகரின் பெயர் முதலில் அந்த வரைபடத்தில் வந்ததா, பிறகு ஒட்டிக்கொண்டதா என்று அதிலிருந்து தெரியும். வாரியக் குடியிருப்புகளில் பேஸ் 1, பேஸ் 2 என்பது கட்டிய வரிசை. பெயராக யாரும் வைக்கவில்லை, ஆனால் பெயராகவே நிலைத்துவிட்டது. காந்தி நகரில் கிழக்கு, மேற்கு என்று திசை சொல்லி எண் போட்ட தெருக்கள் ஒரு திட்டமிட்ட வரைபடத்தின் அடையாளம். எண் போட்ட தெருவுக்கும் வரலாறு உண்டு. அதை அந்த வரைபடத்தில்தான் படிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: மன்றத் தீர்மானம்

தெருவுக்குப் பெயர் சூட்டுவதோ மாற்றுவதோ மன்றத்தில் தீர்மானமாக வர வேண்டும். தீர்மானப் புத்தகத்தை நேரில் பார்க்க அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "எங்கள் தெருவின் பெயர் வரலாறு என்ன?" என்று கேட்டால் ஒன்றும் வராது. "இந்த ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் இடையில், இன்ன வார்டில், இன்ன தெருவுக்குப் பெயர் சூட்டிய தீர்மானத்தின் நகல்" என்று கேளுங்கள். பத்திரங்களை வைத்து ஏற்கனவே காலத்தைச் சுருக்கி வைத்திருப்பது இங்கே கைகொடுக்கும்.

தலைவர் பெயர்களிலும் காலக் கணக்கு போடலாம், ஆனால் கவனமாக. அண்ணா 1969ல் மறைந்தார், காமராஜர் 1975ல், அப்துல் கலாம் 2015ல். மறைந்த வருடத்திலும் அடுத்த சில வருடங்களிலும் அந்தப் பெயர்கள் நிறையச் சூட்டப்பட்டன. உயிரோடு இருந்தபோதே வைத்த பெயர்களும் உண்டு. அதனால் இதை ஊகமாக மட்டும் வைத்துக்கொண்டு தீர்மானத்தில் உறுதி செய்யுங்கள். உள்ளூர்க்காரர் பெயரா என்பதையும் பார்க்க வேண்டும். காங்கேயநல்லூர் பக்கம் வாரியார் பெயர் இருந்தால் காரணம் கேட்கவே வேண்டாம், கிருபானந்த வாரியார் 1906ல் பிறந்த ஊர் அது. சி.எம்.சி. மருத்துவமனை எதிரே ஐடா ஸ்கடர் சாலை இருப்பதும் அப்படியே. 1900ல் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவர் ஐடா ஸ்கடர் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி.

ஆறாம் படி: பெரியவர்களிடம் கேட்பது

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "தாத்தா, இந்தத் தெருவுக்கு ஏன் இந்தப் பேரு?" என்று கேட்டால் அவருக்குத் தெரியாவிட்டாலும் ஏதாவது ஒரு பதில் சொல்லிவிடுவார். உங்களை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனசு வராது. அதனால் இப்படிக் கேளுங்கள்: "இங்க வீடு வர்றதுக்கு முன்னாடி இந்த இடத்தை என்னன்னு சொல்வீங்க?" "இது கழனியா, கொல்லையா?" "எந்த ஏரித் தண்ணி பாஞ்சது?" "மாட்டை எங்க ஓட்டிட்டுப் போவீங்க?" "கிணறு யாருதுன்னு சொல்வாங்க?" அவர் வாழ்ந்து பார்த்ததைக் கேட்டால் பெயர்கள் தானாக வந்து விழும். இந்தப் பக்கம் வானம் பார்த்த மேட்டு நிலத்தைக் கொல்லை என்பார்கள். கிழங்குக் கொல்லை, மேட்டுக் கொல்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னொட்டு இருக்கும்.

பெண்களிடம் கட்டாயம் கேளுங்கள். நாற்று நட்டவர்கள், களை எடுத்தவர்கள், தண்ணீர் தூக்கியவர்கள் அவர்கள்தான். நிலத்தின் சின்னச் சின்னத் துண்டுக்கும் அவர்களிடம் பெயர் இருக்கும். வீட்டு ஆண்கள் பதில் சொல்ல முந்திக்கொண்டால், "அம்மா, நீங்க சொல்லுங்க" என்று திருப்பிக் கேளுங்கள். கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980ல் நீக்கப்பட்டன. அந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்குக் கிராமக் கணக்கு காதில் விழுந்திருக்கும், அவர்களையும் பாருங்கள். பழைய தபால்காரர், ஏரி மடை திறந்துவிட்டவர், பம்புசெட் மெக்கானிக் என்று தேடிப் போங்கள். சம்மதம் கேட்டுக் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவரிடம் போய் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். அவர் வாயிலிருந்து தனியாக அதே பெயர் வந்தால்தான் அது சாட்சி.

ஏழாம் படி: கதையைச் சோதியுங்கள்

கோட்டைக் கோயிலையே எடுத்துக்கொள்வோம். ஜலகண்டேஸ்வரர் என்ற பெயருக்கு, லிங்கம் தண்ணீர் சூழ்ந்த இடத்தில் இருந்ததால் வந்தது என்றுதான் நாம் கேட்டு வளர்ந்தோம். அகழியைப் பார்க்கும்போது நம்பத்தான் தோன்றும். ஆனால் வேலூரைச் சுற்றிக் கிடைத்த 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளை 1890ல் கல்வெட்டு அறிஞர் ஹுல்ஷ் பதிப்பித்தார். வேலூரை ஆண்ட சின்ன பொம்மு நாயக்கர் காலத்துக் கல்வெட்டுகள் அவை. அவற்றில் இந்தச் சாமியின் பெயர் ஜுரகண்டேஸ்வரர் என்று இருக்கிறது. ஜுரத்தைத் தீர்ப்பவர். பிறகுதான் ஜலம் வந்து சேர்ந்திருக்கிறது. சத்துவாச்சாரி, அரப்பாக்கம் போன்ற ஊர்களும் அந்தக் கல்வெட்டுத் தொகுப்பில் வருகின்றன. பல காலம் சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கம்தான் 1981ல் கோட்டைக் கோயிலுக்கு வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். புறநகரின் வரலாறும் கோட்டையின் வரலாறும் ஒரே நூலில் கோத்தவை.

இதில் மக்கள் சொன்ன கதையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதையும் எழுதி வையுங்கள், "இப்படிச் சொல்கிறார்கள்" என்ற குறிப்போடு. ஆனால் பெயரின் பழைய வடிவம் காகிதத்திலோ கல்லிலோ கிடைத்தால் அதற்கே முதலிடம். பழைய வடிவத்தைத் தேட அந்தக் கல்வெட்டுத் தொகுதியும், காக்ஸ் தொகுத்து ஸ்டூவர்ட் 1895ல் திருத்திய வட ஆற்காடு மாவட்ட மேனுவல் என்ற ஆங்கில விவர நூலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஊர்ப் பெயர் நசுங்கியிருக்கும். வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்.

சாதிப் பெயர் உள்ள தெருக்கள்

இதைத் தொடாமல் போக முடியாது. தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை நீக்கும் முயற்சி தமிழ்நாட்டில் 1970களின் பிற்பகுதியிலேயே தொடங்கியது. 2025 அக்டோபரில் அரசு மறுபடியும் ஆணை வெளியிட்டது. நீக்குவது சரி என்றே நினைக்கிறேன். தன் முகவரியைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் ஒருவர் தலைகுனிய வேண்டியிருந்தால் அந்தப் பெயர் பலகையில் இருக்கக் கூடாது. அதே சமயம் அங்கே யார் வாழ்ந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்பதும் பதிவாக வேண்டும். உங்கள் குறிப்பில் பழைய பெயரையும் மாறிய தேதியையும் எழுதுங்கள். அந்தத் தெருக்காரர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள்.

எழுதி வைத்து, கொடுத்துவிடுங்கள்

ஒரு தெருவுக்கு ஒரு பக்கம் போதும். இன்றைய பெயர், வாய்வழிப் பெயர், முந்தைய பெயர், சர்வே எண், நில வகை, பெயர் முதலில் வரும் ஆவணமும் தேதியும், யார் சொன்னது, எது உறுதி, எது கேள்விப்பட்டது. ஆட்களின் பெயரைப் போடுமுன் அவர்களிடம் கேளுங்கள். ஒரு நகல் மாவட்ட மைய நூலகத்துக்கு, ஒன்று பக்கத்துப் பள்ளிக்கு, ஒன்று வார்டு கவுன்சிலருக்கு. தெருவுக்குப் புதுப் பெயர் வைக்கும் பேச்சு வந்தால் நீங்கள் கண்டெடுத்த ஏரியின் பெயரையோ ஓடையின் பெயரையோ அந்தத் தீர்மானத்துக்கு முன்மொழியலாம். பேச்சு ஏற்கனவே முடிந்துவிட்டிருந்தால், பலகையில் புதுப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் பழைய பெயரையும் போடச் சொல்லி மனு கொடுங்கள். தெருக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மன்றத்தில் எடுத்துப் பேச கவுன்சிலருக்கும் எளிதாக இருக்கும்.